பூட்டுப் போட்ட வாக்கி டாக்கி

ஜூன் 2, திங்கள்

மானேஜர் இன்று என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். இந்தச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நான் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. எனக்காக அந்தக் கதவு சாத்தப்பட்டது இதுதான் முதல் தடவை. நிர்வாகப் பிரிவின் உதவி மேலாளர் உலகநாதன் என்று பலகையில் பெயர் இருந்தாலும், இதுவரை டீ வரவில்லை, ஏ.சி. ஓடவில்லை என்பதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். அடிவாரத்து ஊருக்கும் பெயர் கொடுத்த நரியன்பொத்தைக் குன்றின் மேலே நின்று யாரோ எங்கள் கிழக்குக் குழியைப் படம் எடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் குழி மட்டும் தெரிகிறது. பிறகு வெடிக்கிறது.

"வெடிச்சப்புறம் எடுத்திருந்தா பரவால்ல உலகநாதன். வெடிக்கறதுக்கு முன்னாடியே போனை ரெடியா வச்சுக்கிட்டு நிக்கிறான். அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

விஷயம் இதுதான். எங்களுக்கு அனுமதி மத்தியான வெடிக்கு மட்டும். அதற்குச் சங்கு ஊதுவோம், கிழக்கு ரோட்டையும் மேற்கு ரோட்டையும் சிவப்புக் கொடி காட்டி மறிப்போம், எல்லாம் சட்டப்படி. சில நாள் சாயங்காலமும் ஒன்று வைக்க வேண்டியிருக்கிறது. அதை நாங்கள் வெடி என்று சொல்வதில்லை, பாக்கி வேலை என்போம். பாக்கி வேலைக்குச் சங்கு கிடையாது. சங்கு ஊதினால் அது வெடியாகிவிடும். வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டு, ரோட்டை மறித்து, சத்தமில்லாமல் முடித்துவிடுவோம். சத்தமில்லாமல் என்றால், வெடிச்சத்தம் தவிர.

பங்குனியில் ஒரு கல் பறந்துபோய் ஊருக்குள் ஒரு பசுவின் காலை முறித்துவிட்டது. எல்லைக்கு வெளியே இன்னொரு கல் விழுந்தால் சுரங்கத்தையே மூடிவிடுவோம் என்று கலெக்டர் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில் இப்படி ஒரு வீடியோ.

"நம்ம வாக்கி டாக்கிய எவனோ ஒட்டுக் கேக்கறான். அதை நிறுத்துங்க. டெபுடி மானேஜர் போஸ்ட் காலியாத்தான் இருக்கு" என்றார். இரண்டு வாக்கியங்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

மூன்று நாளாக இதே படிப்பு. எங்கள் பழைய செட்டுகள் திறந்துபோட்ட ஜன்னல் மாதிரி. சந்தையில் கிடைக்கிற எந்த மலிவு செட்டை வைத்தும் நாங்கள் பேசுவதைக் கேட்கலாம். புதிய டிஜிட்டல் செட்டில் பேச்சுக்குப் பூட்டுப் போடலாம். குறியாக்கம் என்று பெயர். ஒரே சாவி ஏற்றிய செட்டுகளுக்குள் மட்டும்தான் பேச்சு கேட்கும். சாவி வேறாக இருந்தால் அந்தச் செட்டு ஊமை. இரைச்சல்கூட வராது.

மீட்டிங்கில் இதை விளக்கினேன். வெடி வைக்கிற பலவேசம் கையைத் தூக்கினார்.

"பூட்டிட்டா வெளியாளுக்குக் கேக்காதுங்கிய. சரி. அப்ப நாம வெடிக்கப் போறது வெளியாளுக்கு எப்படி சார் தெரியும்?"

"தெரியக் கூடாதுங்கறதுக்குத்தானே அண்ணாச்சி பூட்டு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பலவேசமும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

வீட்டில் ஆவுடைச்செல்வியிடம் சொன்னேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் "அப்படியா" என்றாள். என் மனைவிக்கு ஆபீஸ் விஷயத்தில் அக்கறையே கிடையாது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜ் மேல் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறேன். குவார்ட்டர்ஸில் வேறு யார் வீட்டிலும் இது கிடையாது. நாளெல்லாம் அது கரகரவென்று பேசிக்கொண்டு கிடக்கிறது. அதன் மதிப்பு அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 11, புதன்

புதிய செட்டுகள் வந்துவிட்டன. கம்பெனி ஆள் லேப்டாப்பை வைத்துச் சாவி ஏற்றும் வித்தையை எனக்கும் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கும் புதிய செட் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

இதோடு நானாக ஒரு சீர்திருத்தமும் செய்தேன். முன்பெல்லாம் வெடிக்கு முன் பலவேசம் ஒவ்வொரு கொடிக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கிழக்கே ஞானராசு "கிழக்கு கிளியர்" என்று சொல்ல வேண்டும், அப்புறம் மேற்கு. அந்தச் சாக்கில் மாட்டுக்குக் கழிச்சல், பேத்திக்குக் காதுகுத்து என்று ஊர்ப்பட்ட பேச்சு. பேச்சு குறைந்தால் ஒட்டுக் கேட்கவும் ஒன்றும் இருக்காது அல்லவா. இனி ரோட்டில் தடங்கல் இருந்தால் மட்டும் பேசினால் போதும். பேசாமல் இருந்தால் ரோடு மறித்தாகிவிட்டது, வெடிக்கலாம் என்று அர்த்தம். மௌனம் சம்மதம். சர்க்குலரில் அந்த இரண்டு சொல்லையும் தடித்த எழுத்தில் போட்டேன். மானேஜர் படித்துவிட்டு 'நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஜூன் 14, சனி

ஆனிக் காற்று அடித்து நொறுக்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸில் என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "எங்க வீட்டுலயும் முன்னாடில்லாம் கல்லுத் தூசி அப்பிக்கிடும். இப்ப உங்க வீட்டம்மா துணி எடுத்தா எங்க வீட்டுலயும் எடுத்துருதாங்க" என்றார். ஆவுடைக்கு அந்தக் கைப்பக்குவம் உண்டு. பாக்கி வேலை நடக்கிற நாளில்கூட மாடிக்கொடியில் என் துணியில் தூசி பட்டதில்லை. காற்றின் திசை பார்த்து எடுப்பாள் போலிருக்கிறது. மற்ற வீட்டுப் பெண்கள் இவளைப் பார்த்துக் கற்றுக்கொண்டால் நல்லதுதான்.

ஜூன் 16, திங்கள்

சனிக்கிழமை பாக்கி வேலைக்கும் வீடியோ வந்துவிட்டது. இந்தத் தடவையும் வெடிக்கு முன்பிருந்தே எடுத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு எடுத்தவன் பக்கத்தில் நிற்பவனிடம், "இரு மாப்ள, இப்ப வைப்பாங்க" என்று சொல்வதும் கேட்கிறது.

மானேஜர் கத்தவில்லை. அவர் கத்தியிருக்கலாம். "பூட்டு வாங்குனோமே உலகநாதன்" என்று மட்டும் சொன்னார்.

பூட்டிய வீட்டில் திருடு போனால் திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான். உட்கார்ந்து யோசித்தேன். செட் வைத்திருக்கிற ஆட்களில் நரியன்பொத்தை ஊர்க்காரர் ஒரே ஒருவர், கிழக்கு ரோட்டுக் கொடிக்காரர் ஞானராசு. எங்களுக்கு எதிரான மனுவில் அவர் மச்சினன் கையெழுத்து இருக்கிறது. ஆள் பார்க்கப் பரம சாது. பாலத்துச் சுவரில் கொடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாதுக்களைத்தான் நம்பக் கூடாது.

ஜூன் 17, செவ்வாய்

சந்தேகத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்கிற ஆள் நான் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும். இன்று எல்லாச் செட்டையும் வரவழைத்துப் புதுச் சாவி ஏற்றினேன். ஞானராசு செட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "உங்களுது சரியா இருக்கு" என்று அப்படியே கொடுத்துவிட்டேன். அதில் பழைய சாவிதான் இருக்கிறது. இனி அவருக்கு ஒன்றும் கேட்காது. கசிவு நின்றால் குற்றவாளி அவர்தான் என்று ருசுவாகிவிடும். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

கொடிக்காரருக்குக் கேட்காமல் எப்படி என்று ஒரு நிமிஷம் தோன்றாமல் இல்லை. மத்தியான வெடிக்குச் சங்கு இருக்கிறது. பாக்கி வேலை எப்போதாவதுதான். சில நாள்தானே.

வீட்டுச் செட்டைக் கொண்டுபோக மறந்துவிட்டேன். கிடக்கட்டும். அதை யார் கேட்கப் போகிறார்கள்.

ஜூன் 18, புதன்

பாக்கி வேலை. பொத்தையில் ஒரு ஈ காக்காய் இல்லை. வீடியோவும் இல்லை. சோதனை வெற்றி.

ஆவுடை தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். கொடியில் கிடந்த துணியெல்லாம் வெள்ளைப் பூச்சு.

ஜூன் 19, வியாழன்

ஞானராசு ஆபீஸுக்கு வந்து செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றார்.

"சார், செட்டு ஒண்ணும் பேசமாட்டேங்கு. நேத்துச் சாயங்காலம் சொல்லாமக் கொள்ளாம வெடிச்சுட்டு. நல்லவேளை, ரோட்டுல ஆள் இல்ல."

நடிப்பு என்றால் இதுதான் நடிப்பு. நான் விட்டுக்கொடுக்கவில்லை. "புது முறை ஞானராசு. இனிமே தேவைன்னாதான் பேசுவாங்க. செட்டு அமைதியா இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம்" என்றேன்.

"அப்ப சரி சார்" என்றார். போகும்போது செட்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே போனார்.

ஆவுடை இன்று மத்தியானம் வந்தாள். குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நாலைந்து பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "நீங்க இல்லாத அன்னைக்கு இப்படி ஆயிட்டே அக்கா" என்று முறையிட்டார்கள். ஒருநாள் துணி அழுக்கானதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

ராத்திரி சோறு போடும்போது அவளும் கேட்டாள். "செட்டு ஏன் கம்முனு கெடக்கு? குவாரில இந்த வாரம் வேலை கம்மியா?"

அவளாக ஆபீஸைப் பற்றிக் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். "இனிமே தேவைன்னாதான் பேசுவாங்க" என்று அவளிடமும் சொன்னேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்றைக்கு எழுத முடியாது.

ஜூன் 21, சனி

ஆஸ்பத்திரி. அவள் தூங்குகிறாள். நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம் பாக்கி வேலை. நான் கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். பலவேசம் குழிகளுக்கு வெடிமருந்து போட்டு முடித்துத் தள்ளி வந்து நின்று, ரோட்டை மறிக்கச் சொன்னார். மேற்கே மறித்துவிட்டார்கள் என்பது அவருக்குக் கண்ணால் தெரியும். கிழக்கு ரோடு பொத்தைக்கு அந்தப் பக்கம்.

"ஞானராசு, கிழக்கு என்ன நெலவரம்?" என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார். புது முறைப்படி அவர் கேட்டிருக்கவே கூடாது.

"சார், கிழக்குலருந்து பேச்சே இல்ல. ஒரு ஆள அனுப்பிப் பாத்துட்டு வைக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

மானேஜர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இருட்டுவதற்குள் முடிய வேண்டும். நான் பட்டனை அழுத்தி, "சர்க்குலரைப் படிங்க அண்ணாச்சி. மௌனம் சம்மதம். வைங்க" என்றேன்.

வைத்துவிட்டார்.

கிழக்கு ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ வந்துகொண்டிருந்தது. கல் மேல்கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்திருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மண்டையில் தையல். இன்னொரு பெண்ணுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிவு, காறை எலும்பும் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அந்த இன்னொரு பெண் ஆவுடை. வெள்ளிக்கிழமை என்று கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். முகமெல்லாம் வெள்ளைத் தூசி. எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. "ஏங்க" என்று அவள் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த அரைமணி நேரத்தில் டெபுடி மானேஜர் பதவி என்று உலகத்தில் ஒன்று இருப்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆட்டோக்காரர் போலீசிடம் அழுதுகொண்டே சொன்னார்: "மாடியில துணி கெடந்துது சார். அதைப் பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, அவர் அதிர்ச்சியில் உளறுகிறார் என்று நினைத்தார். நானும்.

ஜூன் 22, ஞாயிறு

ஆவுடைக்கு இன்று பேச்சு தெளிந்துவிட்டது. ஆட்டோக்காரர் உளறியதைச் சிரிப்பாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உளறல் இல்ல. வைகாசி மாசத்துலருந்து நடக்குதுதான" என்றாள்.

பிரிட்ஜ் மேல் கிடக்கிற செட்டில் மருந்து வண்டி கிளம்புகிற பேச்சு மூன்று மணிக்கே வந்துவிடுமாம். உடனே இவள் மாடிக்குப் போய்த் துணியை எடுப்பாள். இவள் எடுப்பதைப் பார்த்துக் குவார்ட்டர்ஸ் முழுக்க எடுப்பார்கள். எங்கள் மாடி வெறிச்சென்று இருப்பதைக் கீழே ஊரிலிருந்து பார்த்து ஆடுமாட்டை ஓட்டிப்போவார்கள், ஆட்டோக்காரர் முக்குக் கடையில் வண்டியை நிறுத்திவிடுவார். வீடியோ எடுக்கிற பையன்களும் அதைப் பார்த்துத்தான் பொத்தையில் ஏறுவார்களாம். நான் தேடிய ஒற்றர் எனக்குத் தினமும் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா செட்டை எடுத்துட்டுப் போயிருப்பிய."

அது உண்மைதான்.

"வெள்ளிக்கிழம மூணு மணி வரைக்கும் செட்டுப் பக்கத்துலயே இருந்தேன். ஒண்ணும் பேசல. தேவைன்னாதான் பேசுவாங்கன்னு சொன்னியளே, அப்ப இன்னைக்கு வெடி இல்லன்னு நெனச்சுத் துணிய அப்படியே போட்டுட்டுக் கோயிலுக்குப் போனேன்." பிறகு, "அந்தக் கொடிக்காரர் செட்டும் எஞ்செட்டு மாதிரிதான் ஆயிட்டோ?" என்று கேட்டாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மானேஜர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். ஆவுடையிடம் உருக்கமாகப் பேசினார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி விசாரணைக்கு வந்து ஊரில் லாட்ஜில் தங்கியிருக்கிறாராம். சுரங்கம் மூடினால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் என்று சொன்னார். வாக்குமூலம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. அன்று வெடித்தது ஒரே ஒரு முறை, மத்தியானம் தாமதமானதால் சாயங்காலம். எல்லாச் செட்டும் நல்ல நிலையில் இருந்தன. கிழக்கு ரோட்டுக் கொடிக்காரர் ஞானராசு ரோட்டை மறிக்காமல், செட்டில் கூப்பிட்டதற்குப் பதிலும் சொல்லாமல் கடமை தவறிவிட்டார். அவரை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. போலீசிலும் அவர் பெயரைக் கொடுப்பார்களாம்.

"உங்க வீட்டம்மாவே பாதிக்கப்பட்டிருக்காங்க. நீங்க சொன்னா நம்புவாங்க" என்றார்.

செட் நல்ல நிலையில் இருந்தது என்பது பொய் இல்லை. அவர் பதில் சொல்லவில்லை என்பதும் பொய் இல்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் முக்கால்வாசி நிஜம்தான். கையெழுத்துப் போட்டேன்.

ஹார்லிக்ஸ் பாட்டிலை ஆவுடை திறக்கச் சொல்லவில்லை. நானும் திறக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் ஞானராசு வந்தார். கையில் ஒரு தூக்குவாளி. "ஆட்டுக்கால் சூப்பு. எலும்பு கூடுறதுக்கு நல்லது" என்று மேசையில் வைத்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தாடி வளர்ந்து, பார்க்கவே ஆள் பாதியாகிவிட்டார்.

ஆவுடையைப் பார்த்து, "அம்மா, நீங்க என்னைய மன்னிக்கணும்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குச் செட்டு பேசலன்னதும், மருந்து போடுதாங்கபோலன்னு நெனச்சேன். மருந்துப் பக்கம் செட்டுல பேசக் கூடாதுல்லா, அதான் அமைதியா இருக்காங்க, நாமளும் ஒழுங்கா வாய மூடிட்டு இருப்போம்னு இருந்தேன். ஆட்டோ போச்சு. மறிக்கணும்னு தோணல." என் பக்கம் திரும்பினார். "ஆனா அது மட்டும் இல்ல சார். உங்ககிட்ட ஒண்ண மறைச்சிட்டேன். புதுச் செட்டு தந்த வாரம், பாலத்துச் செவுத்துலருந்து கை தவறிக் கீழ போட்டுட்டேன். கல்லுல அடிச்சுது. அப்புறந்தான் அது பேசாமப் போச்சு. உங்ககிட்ட வந்தேன். எல்லாம் சரியா இருக்குன்னு நீங்க சொன்னதும், தப்பிச்சோம்னு போயிட்டேன். வெலையுள்ள சாமானக் கெடுத்துட்டேன்னு சொல்லப் பயமா இருந்துது. அன்னைக்கே உண்மையச் சொல்லிருந்தா அம்மாவுக்கு இப்படி ஆயிருக்காது."

ஆவுடை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுகிற பார்வைகூட இல்லை அது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

"ஞானராசு, உங்க செட்டு கெடல" என்றேன்.

"இல்ல சார், அது பேசவே..."

"பேசாதபடி வச்சது நான். எல்லாச் செட்டுக்கும் சாவி மாத்துனேன். உங்களுதுக்கு மட்டும் வேணும்னே மாத்தல. நீங்கதான் வெளிய சொல்றீங்களான்னு பாக்குறதுக்காக."

அவருக்கு விளங்கவில்லை. சாவி என்றதும் என் கையைப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். நேற்றுப் போட்ட கையெழுத்தையும் சொன்னேன். அதில் அவர் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொன்னேன். அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப கீழ விழுந்ததுனால இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல. விழுந்ததுல அதுக்கு ஒண்ணும் ஆகல."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "நாலு நாளா சோறு எறங்கல சார். நல்லவேளை சொன்னிய" என்றார்.

ஆவுடை இடது கையால் சூப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. அந்த ஆபீசர் சாயங்காலம் கெளம்புதாராம், நர்ஸ் சொன்னா" என்றாள்.

ஞானராசுவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். அங்கே நான் என்ன சொல்லப்போகிறேன், அதற்குப் பிறகு எனக்கு வேலை இருக்குமா, சுரங்கம் இருக்குமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து, "அப்ப செட்ட நான் கெடுக்கல" என்று திரும்பத் திரும்பத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார்.